மேட்டுக்குக் கீழே

பூச்சி உருண்டை வாசம் எங்கே வந்தாலும் எனக்கு அந்த லொறிதான் ஞாபகம் வரும். உர பேக்கில் அடைத்த பழைய துணிமூட்டைகள் மேல் நானும் கோயில் அண்ணன்மாரும் உட்கார்ந்திருக்க, ஹட்டனிலிருந்து நுவரெலியா, ஹக்கலை, வெலிமடை என்று வளைந்து வளைந்து போன பாதையில் லீக்ஸ் பாத்தி வாசமும் டீசல் புகையும் மாறிமாறி மூக்கில் ஏற, அப்புத்தளைக்கு முன்பே இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டேன். ஊருக்கு உதவப் போன வீரனின் லட்சணம் அது.

எனக்கு அப்போது பதினொரு வயது. முந்தைய தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில், 2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மூடியிருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் கிடந்தது. மிஞ்சியவர்களை முதலில் பள்ளிக்கூடங்களிலும், பிறகு மாக்கல்தெனிய ஸ்டோரிலும் தங்கவைத்தார்கள். ஸ்டோர் என்றால் கடை இல்லை. தேயிலை ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சித்திரை வருஷப் பிறப்புக்கு எங்கள் பங்குக் கோயில் சபையார் அங்கே சாமான் கொண்டுபோனபோது, அப்பா என்னையும் ஏற்றிவிட்டார்.

என் பங்குக்கு நான் கொடுத்தது, காலைக் கடித்த பழைய சப்பாத்து ஒரு சோடி. கலர் பென்சில் பெட்டியையும் கொடுக்கச் சொன்னார் அம்மா. அதைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு, அம்மாவோடு சேர்ந்து நானும் காம்பரா முழுக்கத் தேடினேன்.

மெஷின் ஓடாத அந்தக் கூடத்தில் தேயிலைத்தூள் வாசம் மட்டும் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பலகையாலும் சேலையாலும் மறைத்து, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. ஒரு தடுப்பில் இருமினால் நாலு தடுப்பில் கேட்கும், லயத்திலும் அப்படித்தானே! எனக்குத் துணி பிரிக்கிற வேலை. மூட்டையை அவிழ்க்க அவிழ்க்க வெட்கமாய் இருந்தது. ஊக்கு அறுந்த ஜாக்கெட், ஜரிகை கறுத்த கல்யாணச் சேலை, ஒற்றைக் காலுறை, யாரோ மனமுவந்து கொடுத்த கோட்டு ஒன்று. கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்ட ஒரு படங்கு இருக்குமா என்று ஒரு அக்கா வந்து கேட்டார். விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகணுமாம். எங்கள் ஒன்பது மூட்டையிலும் ஒரு படங்கு இல்லை.

நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒரு பாட்டி கூப்பிட்டு உட்காரவைத்தார். கொடுக்கப் போனவனுக்குச் சாயத் தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் சீனியும் வைத்தார்.

“எந்தத் தோட்டம் ராசா?”

சொன்னேன்.

“லயம் மேட்டுக்கு மேலயா, கீழயா?”

“கீழ, பாட்டி.”

கொஞ்ச நேரம் என் கையிலிருந்த சீனியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பீலித் தண்ணி கலங்கி வந்திச்சின்னா சட்டி பானைய எடுக்க நிக்காத. அம்மா அப்பாவ இழுத்துக்கிட்டு ஓடிரு.”

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதம், விடிந்ததும், மலைத் தண்ணீர் குழாயில் விழும் பீலியடிக்கு ஓடி, கிளாஸில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். குடத்தோடு நிற்கும் அக்காமார் சிரிப்பார்கள். “டாக்டர் வந்துட்டாரு” என்பார்கள். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததை நான் வளர்ந்த பிறகுதான் படித்தேன். பாட்டி அந்தக் கடுதாசியை எங்கே பார்த்திருக்கப்போகிறார்!

2016இல் மீரியபெத்தையில் மிஞ்சியவர்களுக்கு 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். என் பென்சில் பெட்டி அதற்கு முன்பே தொலைந்துபோயிற்று, இந்தத் தடவை நிஜமாகவே. எங்கள் லயம் இப்போதும் அந்த மேட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அம்மா அதே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்.