குவைத்திலிருந்து திரும்பிய வருடம்

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. குவைத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் நைட் டியூட்டி முடியும் நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. விடிவதற்குள் ஈராக் ராணுவம் நகரத்துக்குள் வந்துவிட்டது. அடுத்த சில வாரங்கள் வார்டிலும் ஹாஸ்டலிலுமாகக் கழிந்தன. வங்கியில் போட்டிருந்த பணத்தைத் தொட முடியவில்லை. திருத்தணிக்கு ஒரு போன் போட வழியில்லை. கணவருக்கும் அத்தைக்கும் என் சின்ன மகனுக்கும் ரேடியோ சொன்னதுதான் செய்தி.

நான் எல்லை ஊரில் வளர்ந்தவள். 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. படிப்பும் வேதாகமமும் தமிழ். தெரு முழுக்க முருக பக்தர்கள். அதனால் குவைத்தும் எனக்குப் பெரிய அந்நியமாகத் தெரியவில்லை. அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். ஒரே வளாகத்தில் அரபிக்காரர்கள் முடித்து வெளியே வர, மலையாளிகளும் தமிழர்களும் தெலுங்கர்களும் தங்கள் முறைக்காகக் காத்திருப்போம். வாரம் முழுக்க ஆங்கிலமும் அரைகுறை அரபியுமாகப் பேசிக் களைத்த வாய்க்கு, அந்த ஒரு மணி நேரப் பாட்டுதான் ஓய்வு.

குவைத்தை விட்டுக் கிளம்பும்போது கையில் ஒரு பை. பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை என்று பஸ் பயணம். பாலைவனக் கூடாரத்தில் இலங்கை, வங்கதேசம், பிலிப்பைன்ஸ், எகிப்து என்று எல்லா நாட்டுக் கூலிக்காரர்களும் இருந்தோம். தண்ணீர் லாரி வந்தால் ஆண்கள் பாய்ந்து ஏறுவார்கள். ஹைதராபாத்காரர் ஒருவர் தினமும் தன் கேனை நிரப்பி, எங்கள் பெண்கள் கூடாரத்தின் வாசலில் வைத்துவிட்டுத்தான் தொழப் போவார். அம்மானிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 488 விமானப் பயணங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தி நான். பம்பாயிலிருந்து வந்த ரயில் திருத்தணியில் நிற்காமல் அரக்கோணம் போனது. ஜன்னல் வழியே மலைக்கோயிலைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எல்லோரும் "அல்லேலூயா" என்றார்கள். கர்த்தர் காப்பாற்றினார் என்பதை நான் மனதாரத்தான் சொன்னேன். ஆனால் இரவில் தூக்கமில்லை. பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடத் தொடங்கினால் நெஞ்சு படபடக்கும். மகன் மடியில் ஏறினால் விலக்கிவிடுவேன். குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்பது நினைவிருக்காது.

டிசம்பர் 31 இரவு திருத்தணிக்குத் தனி இரவு. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழாவுக்காக, படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு பஜனைக் கூட்டங்கள் 365 படிகளையும் ஏறும். அதே இரவில் கீழே நாங்கள் புத்தாண்டு ஆராதனையில் இருப்போம். அந்த வருடம் 12 மணிக்கு ஊரில் பட்டாசு வெடித்தபோது நான் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். இழுத்தும் வெளியே வரவில்லை.

பிறகு வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், "விசுவாசக் குறைவு, நன்றி மறந்த இருதயம்" என்றார். உபவாசம் இருக்கச் சொன்னார். ஏற்கெனவே சாப்பாடு இறங்காத எனக்கு உபவாசம்! எனக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டு அக்கா. கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறவர். "பாகாயம் போனா பைத்தியம்னு அர்த்தமில்ல கண்ணு. என் தம்பி அங்கதான் தேறினான்" என்று அத்தையிடமும் என்னிடமும் சொன்னார்.

சோளிங்கர், வாலாஜா வழியாக வேலூருக்குப் போனோம். பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இல் தொடங்கப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே ஆரம்பக் காலத்திலிருந்தே உள்ள முறை. அத்தை என்னோடு தங்கினார். டாக்டரம்மா தெலுங்கில், "இங்கே சாட்சி சொல்ல வேண்டாம்மா, நடந்ததைச் சொல்லு" என்றார். கூடாரத்தில் காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தைக்கு மருந்து கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அத்தை என் கையை விடவேயில்லை. மாத்திரையும் பேச்சும் சேர்ந்து, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு தூக்கம் திரும்பியது.

நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. வேதத்தை இன்னும் ஊன்றிப் படித்தேன். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான். கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான். 88-ஆம் சங்கீதமோ ஆறுதலுக்கு ஒரு வரிகூட இல்லாமல், நண்பர்களும் விலகிப்போன தனிமையில் முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதம் சேர்த்து வைத்திருக்கிறது. நன்றி சொல்லத் தெரிந்த சபைக்குப் புலம்பவும் இடம் கொடுக்கத் தெரிய வேண்டும்.

வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நம் பிள்ளைகள் இன்றும் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். வந்தவுடன் அவர்களை மேடையேற்றாதீர்கள். சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று கேளுங்கள். சொல்ல வருவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். ஜெபியுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் கூடவே போங்கள். மனம் தாங்காதவர்கள் எந்த நேரத்திலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த எண்ணை உங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.