அடைக்கோழியும் நாற்பது வாட் பல்பும்

எங்க தெருவுக்கு வந்து மேலத்தெருக்காரர் யாரும் தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. முட்டை வாங்குவார்கள். அங்கே ஒரு பிள்ளை சமைந்துவிட்டால் விடியுமுன்னே ஆள் வந்துவிடும். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கணும், நாட்டுக்கோழி முட்டைதான் வேணும். ஆச்சி எடுத்து நீட்டினால் கையில் வாங்கமாட்டான். துண்டை விரித்துப் பிடிப்பான். காசைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போவான். ஓட்டுக்குள்ளே இருப்பதற்குத் தீட்டில்லையாம், ஓட்டைப் பிடித்த கைக்கு மட்டும் உண்டாம்.

அது அந்தக் காலம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று. சத்துணவில் முட்டை போட ஆரம்பித்தது 1989-இல். 2018-இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பாப்பாள் என்கிற அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். முட்டையைக் கோழிப்பண்ணையில் பொறுக்கி அடுக்கியது யார் கை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவிக்கிற கையைத்தான் கேட்டார்கள்.

நான் சொல்ல வந்தது 1994 ஆடி மாதத்துக் கதை. கடையம் அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டத்தில் இருந்தது. நான் ஒன்பதாவது. அறிவியல் கண்காட்சிக்கு முட்டை பொரிக்கிற பெட்டி செய்வது என்று சார் முடிவு செய்தார். நாலு பேரைச் சேர்த்தார். என்னைச் சேர்த்ததற்குக் காரணம், 'ஒங்க வீட்டுல கோழி கெடக்குல்லா?' என்பதுதான்.

ஆச்சியிடம் கேட்டேன். அடை வைக்கச் சேர்த்திருந்த 16 முட்டையையும் ஓலைப்பெட்டியில் உமி போட்டு அடுக்கிக் கொடுத்தாள். முட்டை ஒன்றரை ரூபாய், ஆக 24 ரூபாய். சார் அப்புறம் தருவார் என்று நான்தான் சொன்னேன்.

மரப்பெட்டி, உள்ளே தெர்மோகோல், 40 வாட் பல்பு ரெண்டு, கிண்ணத்தில் தண்ணி, ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர். சூடு 37.5 டிகிரியில் நிற்கணும். ஏறினால் ஒரு பல்பை அணைக்கணும். தண்ணி வற்றினால் முட்டைக்குள்ளே சவ்வு காய்ந்து குஞ்சு ஒட்டிக்கொள்ளும். முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு நாளைக்கு மூணு தடவை திருப்பணும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிவிடும். 18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தணும். ஞாயிற்றுக்கிழமையும் போய்த் திருப்பியது நான்.

வீட்டில் வந்து சொன்னால் ஆச்சி சிரித்தாள். 'கோழி மணி பாத்தா திருப்புது?'

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தோம். ரெண்டு கூமுட்டை. மற்ற 14-லும் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

வீட்டிலே வேறு கூத்து. முட்டை பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் கரும்பெட்டை வெறும் மண்ணில் அடை படுத்திருந்தது. ஆச்சி தண்ணியில் முக்கிப் பார்த்தாள். அடை தெளியவில்லை.

15-ஆம் நாள் ராத்திரி பேய்க்காத்து. மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. காலையில் பெட்டி குளிர்ந்து கிடந்தது. சார் வீட்டுக்கு ஓடினேன். வாசலுக்கு வெளியே நின்றுதான் சொன்னேன். 'கரண்டு வந்தா பாப்பம், போல' என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. 14 முட்டையையும் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆச்சி ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். 'உசுரு இருக்குய்யா.' இந்தப் பருவத்துக் கரு தானாகவே கொஞ்சம் சூடு விடும் என்று நான் பிற்பாடு படித்தேன். அவளுக்குக் கன்னம் சொன்னது. எட்டைக் கரும்பெட்டைக்கும் ஆறைச் சித்தி வீட்டு அடைக்கோழிக்கும் வைத்தாள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டாள். இரும்புக்கும் இடிக்கும் சம்பந்தமில்லை என்று சார் சொல்லியிருப்பார். சரிதான். ஆனால் முட்டை பிழைத்தது அவள் கையில்.

எகிப்தில் மண் சூளைகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்திருக்கிறார்கள். கருவி கிடையாது. முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்ப்பார்களாம். பிரான்சில் ரெயோமூர் என்கிற விஞ்ஞானி அந்த வித்தையைப் பற்றி 1749-இல் புத்தகமே போட்டார். அவர் தெர்மாமீட்டர் செய்து பேர் வாங்கியவர். இமையில் சூடு பார்த்தவன் ஒருத்தன் பேரும் எனக்குக் கிடைக்கவில்லை.

மூணாம் நாள் கரண்டு வந்தது. ஆச்சி 11 முட்டைதான் திருப்பிக் கொடுத்தாள். 'மூணு இங்கனயே கெடக்கட்டும். ஒங்க பெட்டிய நம்ப முடியாது.' சார் எண்ணிப் பார்த்து, 'மூணு எங்கல?' என்றார். உடைஞ்சுட்டு என்று பொய் சொன்னேன். முதுகில் ரெண்டு அடி. கோழி அடைகாத்ததை வெளியே சொல்லக்கூடாது என்றும் சொன்னார். சார்ட்டில் தலைப்பு, 'செயற்கை முறையில் குஞ்சு பொரித்தல்.'

கண்காட்சி அன்றைக்கு ஏழு குஞ்சு பொரித்தது. கூட்டம் நெருக்கியடித்தது. விளக்கம் சொன்னது மேலத்தெருப் பையன். 'ஒன் பேச்சு கொச்சையா இருக்குல, நீ பல்பப் பாத்துக்க' என்று சார் என்னைப் பெட்டிக்குப் பின்னாலே நிறுத்தினார். சான்றிதழில் அவன் பேர். செல்லம்மாள் பிறந்த ஊர் இது. 1918 முதல் 1920 வரை பாரதி இங்கே இருந்தார் என்பதை எங்க பள்ளிக்கூட விழா ஒவ்வொன்றிலும் சொல்லுவார்கள். யார் இருந்தார்கள், யார் செய்தார்கள் என்று ஞாபகம் வைக்கத் தெரியாத ஊர் இல்லை.

வீட்டில் மூணு முட்டையும் பொரித்திருந்தது.

'முட்டைக் காசு தந்தாகளா?'

'இல்ல ஆச்சி. கேக்கட்டா?'

'வேண்டாம். மூணு குஞ்சு இருக்குல்லா.'

ஒன்றைப் பருந்து தூக்கியது. ஒன்று வெள்ளைக் கழிச்சலில் போச்சு. மிஞ்சினது பெட்டை. மாசியில் முட்டை போட ஆரம்பித்தது. ஆச்சி அதற்குப் 'பள்ளிக்கூடத்துக் கோழி' என்று பேர் வைத்தாள்.

அந்தப் பங்குனியில் சான்றிதழ் வாங்கின பையனின் தங்கச்சி சமைந்தாள். விடியுமுன்னே ஆள் வந்தது. ஆச்சி பள்ளிக்கூடத்துக் கோழியின் முட்டை ஆறைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவன் துண்டை விரித்தான். ஆச்சி கையை நீட்டியபடியே நின்றாள்.

'கையில வாங்குறதுன்னா வாங்குங்க. இல்லன்னா முட்டை கெடையாது.'

அவன் ஆச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு என்ன வருமோ என்று எனக்குக் கை நடுங்கியது. ஆச்சி ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்கு எங்க வீட்டில் முட்டைக் குழம்பு. ஆளுக்கு ரெண்டு.