பாட்டியின் காசுமாலை

அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். நேற்று நகைக்கடைக்குக் கிளம்பும் முன் பாட்டியின் காசுமாலையை எடுத்து மடியில் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு. நடுவில் இரண்டு முறை அடகுக்குப் போய் மீண்டு வந்தது. தாத்தாவின் வைத்தியத்துக்கு ஒரு முறை, என் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு முறை. நான் படித்ததே அந்த மாலையின் தயவில்தான்.

மூன்று தலைமுறை எப்படித் தாங்கியது? கெட்டியான காசுகள். உள்ளே அரக்கு இல்லை, உதிர்ந்துபோகக் கல் இல்லை. ஒரு வளையம் தேய்ந்தால் பத்தர் அதை மட்டும் மாற்றிக் கொடுப்பார்.

கடையிலும் அந்த உறுதியையே தேடினேன். தங்கத்தின் தரத்தையும் பார்த்தேன். 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம். 916 முத்திரை சொல்வது அதைத்தான். கூடவே, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க எச்யூஐடி அடையாள எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன். கல் எடையைப் பில்லில் தனியாகப் போடச் சொன்னேன். திருகாணியின் மரை கெட்டியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

மகளுக்குப் பிடித்த ஒரு ஜோடி ஜிமிக்கி வாங்கினோம். காசுமாலையும் அவளுக்குத்தான். அது யார் யார் கழுத்தில் இருந்தது, எதற்காக அடகுக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

தங்கத்தோடு அந்தக் கதையும் அவள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் வீட்டு நகைக்கும் ஒரு கதை இருக்கும். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.