மூன்றாவது பிஸ்டன்

மூன்றாவது பிஸ்டனைக் கழற்றியதும் ஒரு ரப்பர் துண்டு உதிர்ந்து மேசையில் விழுந்தது. விரல் வைக்கும் பொத்தானுக்கு அடியில் கம்பளி வட்டு இருக்க வேண்டிய இடம் அது. வட்டு பூச்சி அரித்துப் போனபோது, நீல ஹவாய் செருப்பு ஒன்றை ஒரு நூல் கனத்துக்குச் சீவி, வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டுச் செருகியிருக்கிறார் என் தாத்தா. ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் நடுவே, ஏதோ ஒரு ராத்திரி உட்கார்ந்து செய்த வேலையாக இருக்கும்.

தாத்தா புதுச்சேரியில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். மாதா கோயில் தேர், கல்யாண ஊர்வலம், சாவு என்று எல்லாவற்றுக்கும் போவார். "கப்பல்ல வந்த ஊதி" என்றுதான் பாட்டி அதைச் சொல்வாள். அவர் போன பிறகு அது பரணில் ஏறியது. வருஷம் ஒரு தடவை, பொங்கலுக்கு, அத்தை அதை இறக்கிப் புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குத்துவிளக்கோடு சேர்த்து விளக்கி வைப்பாள். களிம்பு பிடிக்காமல் காப்பாற்றியது அந்தப் புளிதான். விரிந்த வாயான பெல்லில் பொறித்திருந்த எழுத்துகளைத் தேய்த்ததும் அதுவே. மிஞ்சியவை தீச்சுவாலை எழும் ஒரு குண்டுச் சின்னமும் 'பாரிஸ்' என்ற சொல்லும். அந்தச் சின்னத்தை வைத்துத்தான் அது குவெனோன் நிறுவனத்துக் கருவி என்று கண்டுகொண்டேன். ஷாட்டோ தியெரி ஊரில் பெரிய ஆலை வைத்திருந்த நிறுவனம். 1900 பாரிஸ் உலகப் பொருட்காட்சியின் பெயரைத் தன் கருவிகளில் பல காலம் பொறித்து வந்தது.

அதை மறுபடி பேச வைக்க வேண்டும் என்று இறங்கியபோது எனக்குத் தேவைப்பட்டவை மூன்று கம்பளி வட்டுகள், இரண்டு ஸ்பிரிங், எச்சில் வடிக்கும் விசைக்கு ஒரு கார்க், மூன்றாவது வால்வுக்கு அடிமூடி. இவற்றைவிடப் பெரிய குறை, அந்த மூன்றாவது பிஸ்டன் தேய்ந்து லொடலொடத்ததுதான். நிக்கல் முலாம் போய்ச் செம்பு நிறம் தெரிந்தது.

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சண்டே மார்க்கெட்டில் ஒரு உடைந்த டிரம்பெட் கிடைத்தது. மீரட்டில் செய்தது. இந்தியாவில் பேண்டு செட்டுகள் தூக்கித் திரியும் பித்தளையில் பெரும்பகுதி மீரட்டின் ஜலி கோத்தித் தெருவிலிருந்து வருவது. பட்டாள பேண்டில் இருந்த நாதிர் அலி 1885இல் தொடங்கிய நிறுவனம் அங்கே அந்தத் தொழிலுக்கு முன்னோடி. வாங்கி வந்த டிரம்பெட்டின் பிஸ்டனை எடுத்து தாத்தாவின் வால்வுக்குள் விட்டுப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. அடிமூடியோ மரையில் ஏறவே இல்லை; இரண்டு சுற்றில் கோணிக்கொண்டது.

இந்த நிலையில்தான் கோரிமேட்டுக்குப் போனேன். திண்டிவனம் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பக்கம் ஜிப்மரும் இன்னொரு பக்கம் போலீஸ் மைதானமும் இருக்கிற இடம். புதுச்சேரி போலீசின் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது என்று எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளன்று இந்த மைதானத்தில் பியூகிள் ஊதுவதைக் கேட்டவர்களுக்கு, அந்தத் தொப்பிக்குக் கீழே ஒரு ஊதுகிற மரபும் இருப்பது தெரியும். போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் குடியிருக்கிறார். பேண்டு மாஸ்டர் என்றால் கோரிமேட்டில் கடைக்காரர்களே வழி காட்டுகிறார்கள்.

நான் இரண்டு டிரம்பெட்டையும் அவர் திண்ணையில் வைத்தேன். மீரட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பழையதை மடியில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பிஸ்டனாக உருவி, துணியில் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குப் பார்ட்ஸ் தேடாதீங்க. இதுக்குப் பார்ட்ஸ் பண்ணணும்."

"ஏன் சார், வேற பிஸ்டன் போட்டா ஆகாதா?"

"ஆகாது. ஒவ்வொண்ணையும் அதனோட வீட்டுக்குள்ளேயே வச்சுத் தேய்ச்சிருக்கான். ஒண்ணாம் நம்பரை ரெண்டுல போட்டாலே பிடிக்கும்."

பிஸ்டன் மேல் 1, 2, 3 என்று எண் அடித்திருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வகை வால்வைப் பாரிஸில் பிரான்சுவா பெரினே 1830களின் கடைசியில் அமைத்தார். இன்றுவரை பெரும்பாலான டிரம்பெட்டுகளுக்கு அதுதான். முதல் பிஸ்டனை அழுத்தினால் ஒரு சுரம் இறங்கும், இரண்டாவது அரைச் சுரம், மூன்றாவது ஒன்றரை. காற்று கசியாமலும் பிஸ்டன் பிடிக்காமலும் இருக்க, அதற்கும் சுவருக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளிதான் இருக்கலாம்.

அங்கிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு அவரே என்னைக் கூட்டிப் போனார். அறுபதைத் தாண்டிய ஒரு கடைசல்காரர், ஒரு பையன், இரண்டு லேத். பம்பு புஷ், டிராக்டர் பின், ஸ்கூட்டர் ஆக்ஸில் என்று போகிற பட்டறை. டிரம்பெட்டை அவர் அதுவரை கையில் எடுத்ததே இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மரை அளக்கும் கேஜை ஒவ்வொரு பல்லாக வால்வின் வாயில் வைத்துப் பார்த்தார். முக்கால் மில்லிமீட்டர் பிட்ச்.

"மில்லிமீட்டர் மரை. நம்ம லேத் இஞ்சு ஸ்க்ரூ. இருங்கண்ணே" என்று மேசை அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பெரிய பல்சக்கரம். நூற்று இருபத்தேழு பல்.

ஒரு இஞ்சு 25.4 மில்லிமீட்டர். அதை ஐந்தால் பெருக்கினால் 127. இஞ்சுக் கணக்கில் ஓடும் லேத்தில் மில்லிமீட்டர் மரை பிசகாமல் வெட்ட வேண்டுமானால் அந்த 127 பல் சக்கரம் நடுவே வர வேண்டும். இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறச் சட்டம் போட்டது 1956இல். இஞ்சு லேத்துகளோ அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன, இடையில் இப்படி ஒரு சக்கரம் சமாதானம் செய்து வைக்க. அவர் அதை மாட்டிய விதத்தை, சாமி நகையைப் பெட்டியிலிருந்து எடுக்கிறவர் மாதிரி இரண்டு கையால் ஏந்தி மாட்டியதை, நான் மறக்க மாட்டேன்.

மூடிக்குப் பித்தளை ராடு எடுத்தார். டிரம்பெட் குழாய்க்கு நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த பித்தளை. வளைத்தால் வளையும், ஆனால் லேத்தில் இழுவையாக வரும். கடைசலுக்குக் கொஞ்சம் ஈயம் கலந்த ராடுதான். சீவல் பொன்னரிசி மாதிரி பொலபொலவென்று கொட்டியது. மரை முடிந்து, விளிம்பில் பிடிமானத்துக்கு நர்லிங் போட்டு, பழைய மூடியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "நடுவுல இந்த ஓட்டை எதுக்கு சார்?" என்று கேட்டார்.

"பிஸ்டன் இறங்கும்போது கீழ இருக்கிற காத்துக்கு வழி வேணுமே. அடைச்சா சைக்கிள் பம்பு மாதிரி கனக்கும்" என்றார் பேண்டு மாஸ்டர்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் துளை போட்டார். காரணம் தெரியாமல் ஒரு துளைகூடப் போடமாட்டார் போலிருக்கிறது. அரை நாள் வேலைக்கு 250 ரூபாய் கேட்டார். அது அந்த வேலைக்கு உரிய கூலி இல்லை. நான் கூடுதலாகக் கொடுத்ததை வாங்கவைக்க, வேலைக்கு ஆனதைவிட அதிகம் பேச வேண்டியிருந்தது.

தேய்ந்த பிஸ்டன் தட்டாஞ்சாவடியில் ஒரு முலாம் பட்டறைக்குப் போய், துளைகளுக்கு அடைப்பு வைத்து, மேலே நிக்கல் ஏற்றிக்கொண்டு வந்தது. இப்போது அது வால்வுக்குள் நுழையவே இல்லை. அதுதான் வேண்டும் என்றார் மாஸ்டர். மெல்லிய பசை தடவி, கையால் முன்னும் பின்னுமாகச் சுழற்றித் தேய்ப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பார்ப்பார். மறுபடி தேய்ப்பு. மூன்று மாலைகள் போயின. அவசரப்பட்டு ஒரு சுற்று கூடுதலாகத் தேய்த்தால் போட்ட முலாம் அத்தனையும் வீண். குழாயில் இருந்த நசுங்கல்களை எடுக்க உடைந்த பேரிங்கிலிருந்து கழற்றிய இரும்புக் குண்டுகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக உள்ளே விட்டு உருட்டினார். ஸ்பிரிங்கை ஸ்டெயின்லெஸ் கம்பியில் சுற்றினோம். கம்பளி வட்டு தையல்காரரிடம் வாங்கிய கோட்டுத் துணி. கார்க் ஒரு மருந்துப் புட்டியுடையது.

நான்காம் நாள் இரண்டாவது வால்வின் சின்னக் குழாயை, பிஸ்டனை அழுத்தாமல், சரக்கென்று இழுத்தார். 'டொப்' என்று சத்தம். காற்று கசியவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. முதல் வால்வு, டொப். மூன்றாவதை என்னிடம் நீட்டினார். நானே இழுத்தேன். டொப்.

சுருதியில்தான் எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. குழாயை முழுக்க உள்ளே தள்ளியும் இன்றைய கருவிகளைவிட ஒரு மயிரிழை இறங்கியே பேசியது. பிரான்சில் 1859இல் அரசே ஆணையிட்டு 435 அதிர்வு என்று சுருதியை நிறுத்தியிருந்தார்கள். இன்றைக்கு உலகம் 440இல் நிற்கிறது. அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். டிரம்பெட்டின் ஒன்றரை மீட்டர்க் குழாயில் அது சுமார் 17 மில்லிமீட்டர். சுருதிக் குழாயின் இரண்டு காலிலும் எட்டெட்டு மில்லிமீட்டர் வெட்டினால் இன்றைய பேண்டோடு சேர்ந்து வாசிக்கலாம். அப்படி வெட்டப்பட்ட பழைய கருவிகள் நிறைய உண்டு.

"வெட்டவா?" என்றார்.

வேண்டாம் என்றேன். செருப்பை வெட்டி வைத்தாவது அதை நிறுத்தாமல் ஊதியவர், அந்தக் குழாயில் கத்தி வைக்கவில்லை. நானும் வைக்க மாட்டேன். தனியாகப் பேசட்டும். மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. குழாயை முழுக்க உள்ளே தள்ளி, துணியால் ஒரு தடவை துடைத்தார்.

அன்று சாயங்காலம் இருவரும் லேத் பட்டறைக்குப் போனோம். கடைசல்காரர் மோட்டாரை நிறுத்தினார். பையன் வாசலுக்கு வந்து நின்றான். மாஸ்டர் மூன்றாவது பிஸ்டனை அழுத்தி நீளமாக ஒரு சுரம் பிடித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. கடைசல்காரர் பெல்லின் பக்கமே போகவில்லை. ஆள்காட்டி விரலை நாக்கில் ஈரப்படுத்தி, தான் கடைந்த மூடியின் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சு முடியும் வரை குனிந்தே நின்றார்.

"காத்து வரல" என்றார்.

பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மோட்டாரைப் போட்டார்.