வாசலில் நின்ற ஆல்டர் டேபிள்

ஆர்டர் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். டீஃபால்ட் மதிப்பு இல்லாத நெடுவரிசை என்றால், கோடி ரோ இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் கண் மூடித் திறப்பதற்குள் சேர்த்துவிடும். அந்தத் தைரியத்தில் பட்டப்பகலில் என்டரைத் தட்டினேன். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பக்கத்து மேசையிலிருந்து குரல்: "அண்ணா, சைட் ஓபன் ஆகல!"

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து பார்த்தேன். யாரோ பிகின் கொடுத்து, அந்த டேபிளில் ஒரு செலக்ட் ஓட்டி, கமிட் செய்யாமல் சாப்பிடப் போயிருக்கிறார். அவர் கையில் இருந்தது ஆக்சஸ் ஷேர், இருப்பதிலேயே சாதுவான லாக். அதனால் வேறு யாருக்கும் தொந்தரவில்லை. நான் கேட்டதோ ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ். கடை முழுக்க எனக்கே வேண்டும் என்று வாசலில் நின்றதுபோல. எனக்குப் பின்னால் வந்த செலக்ட்கள் அவரோடு சேர்ந்து தாராளமாக உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் என்னைத் தாண்டிப் போக வரிசை விடாது. லாக்கே கிடைக்காத நான்தான் கடையை மூடியிருந்தேன். கன்ட்ரோல் சி அடித்ததும் வரிசை மளமளவென்று நகர்ந்தது.

அன்றிலிருந்து ஆல்டருக்கு முன் லாக்_டைம்அவுட்டை 2 விநாடி என்று வைக்காமல் நான் எதையும் தொடுவதில்லை. அது பூஜ்யத்தில் இருந்தால், கிடைக்கும்வரை காத்திருப்பு என்று பொருள்.

எல்லோரும் பயப்படுவது டெட்லாக்குக்கு. எனக்கு அதன்மேல் அவ்வளவு பயமில்லை. போஸ்ட்கிரெஸ் 1 விநாடி பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்றைத் தானே முறித்து, எர்ரரும் கொடுத்துவிடும். அரிசி, பருப்பு என இரண்டு ரோவை ஒருவர் இப்படியும் மற்றவர் அப்படியுமாகப் பூட்டுவதால் வருவது அது. எல்லோரும் ஐடி வரிசைப்படி பூட்டினால் தீர்ந்தது. வெறும் காத்திருப்புதான் சத்தமே போடாது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி ஒரு ரோ லாக்குக்கு வழக்கமாக 50 விநாடி காத்திருக்கும். பணம் கட்ட நிற்பவருக்கு அது ஒரு யுகம்.

அதனால் கோடு பார்க்கும்போது ஃபார் அப்டேட்டுக்கும் கமிட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான் முதலில் கண் போகும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியதில் அங்கே ஓர் எஸ்எம்எஸ் அழைப்பு இருந்தது. அந்த சர்வர் பதில் சொல்லும்வரை ஸ்டாக் ரோ பூட்டியே கிடக்கும். கமிட்டுக்குக் கீழே இறக்கச் சொன்னேன். "கமிட் ஆனதும் ப்ராசஸ் செத்துட்டா எஸ்எம்எஸ் போகாதே அண்ணா?" என்றாள். நியாயமான கேள்வி. உட்கார்ந்து மாற்றினோம்: அனுப்பவேண்டியதை அதே டிரான்சாக்‌ஷனில் தனி டேபிளில் ஒரு ரோவாக எழுதிவிடுவது. அனுப்பும் வேலையை வேறு வொர்க்கர்கள் செய்யும். போஸ்ட்கிரெஸ் 9.5-இல் வந்த ஸ்கிப் லாக்டு அவற்றுக்குப் போதும். ஒரு வொர்க்கர் பூட்டிய ரோவைக் கண்டால் மற்றது நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடும்.