விரல் நுனியில் ஒரு சமையலறை

அடுப்பு இல்லை, புகை இல்லை, பாத்திரம் கழுவும் வேலையும் இல்லை. ஆனாலும் வியாபாரம் அமோகம்! கைப்பேசியில் வரும் சமையல் விளையாட்டுகளைப் பலரும் விரும்புவதற்கு இதுவே முதல் காரணம் என்று சொல்லலாம்.

இவை திடீரென்று முளைத்தவை அல்ல. கணினியில் வந்த 'டைனர் டேஷ்', உணவகத்தில் பரிமாறும் வேலையையே விளையாட்டாக்கியது. 2006-இல் ஜப்பானிலிருந்து 'குக்கிங் மாமா' வந்தது. நிண்டெண்டோ டிஎஸ் திரையில் குச்சியால் தேய்த்தே காய் நறுக்கலாம், மாவு பிசையலாம். 2014-இல் லித்துவேனியாவின் நார்ட்கரண்ட் நிறுவனம் 'குக்கிங் ஃபீவர்' விளையாட்டைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது.

விளையாடும் முறை மிகவும் எளிது. வாடிக்கையாளர் வந்து நிற்பார். அவருக்கு வேண்டிய உணவு படமாகத் தெரியும். பக்கத்திலேயே அவருடைய பொறுமையைக் காட்டும் பட்டை குறைந்துகொண்டே வரும். அது தீர்வதற்குள், அடுப்பில் இருப்பதும் கருகுவதற்குள், எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவுடன் காசு!

இந்த 'உடனே' என்பதில்தான் மயக்கம் இருக்கிறது. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவருக்கு, இரண்டே நிமிடத்தில் பாராட்டு கிடைக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் போவது தெரியாது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று வேகமாக யோசிக்கவும் வேண்டியிருக்கிறது. ஆனால் சமையல் மட்டும் வராது. உப்பு எவ்வளவு, பதம் எது என்பதைத் திரை சொல்லித் தராதல்லவா?

குறை மெதுவாகத்தான் தெரியும். முதல் சில நிலைகள் சுலபம். பிறகு பழைய அடுப்பின் வேகம் போதாது. புதிய அடுப்புக்கு நாணயம் வேண்டும், ரத்தினக்கற்கள் வேண்டும். கற்களோ சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். காத்திருக்க முடியாதவர் உண்மையான பணம் கொடுத்து வாங்கலாம். கடை நடத்துவதாக நினைத்து விளையாடுபவரே கடைசியில் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அங்கே விலைபோவது அவருடைய பொறுமைதான்.

பணம் போனால்கூட கணக்குத் தெரியும். இன்னொன்று கணக்கிலேயே வராது. கல்லூரி விட்டு வந்த மகள் கூடத்தில் உட்கார்ந்து பர்கர் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். "சூடா இருக்கும்போதே வந்து சாப்பிடும்மா" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. "இன்னும் ஒரே ஒரு லெவல்மா!" என்கிறாள். திரையில் யாருடைய முகம் வாடினாலும் பதறிப்போய் ஓடுகிற விரல்கள் அவை. ஆறிய தோசையோடு நிற்கும் அம்மாவின் தலைக்கு மேல் மட்டும் எந்தப் பட்டையும் தெரிவதில்லை.

விளையாட்டு தவறு என்று யாரும் சொல்லப்போவதில்லை. நேரத்துக்கு ஓர் எல்லை, பணம் கட்டும் வசதிக்கு ஒரு பூட்டு, இவை இரண்டும் இருந்தால் போதும். முடிந்தால் வாரத்தில் ஒருநாள் கைப்பேசியை வைத்துவிட்டு, அம்மாவை உட்காரச் சொல்லி நாலு தோசை சுட்டுப் பார்க்கலாம். முதல் தோசை பிய்ந்துதான் போகும்... ஆனால் அந்த வாடிக்கையாளர் காத்திருப்பார்!