மல்லிகையின் விலை

சிற்றூர் மாணவன் ஒருவன் வைகறையில் பேருந்து ஏறி, முதன்முறையாக மதுரைக்கு வந்தான். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும், அருகிலுள்ள மலர்ச்சந்தையின் நறுமணம் அவனை எதிர்கொண்டு அழைத்தது. மதுரைக்காஞ்சி கூறும் நாளங்காடியை ஏட்டில் பயின்றவன், அன்று பகற்கடைகளைக் கண்ணாரக் கண்டான். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை அங்கே முத்துக்குவியலெனக் கிடந்தது.

தாய்க்காகப் பூ வாங்க விழைந்தவன், முதியவள் ஒருத்தியிடம் பாதி விலைக்குக் கேட்டான். அவள் சினவாது, "தம்பி, இருளிலே பறித்த மொட்டு இது, மலர்ந்துவிட்டால் கொள்வார் இல்லை. நீ கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்" என்றாள். பனியீரம் உலராத அவள் விரல்களைக் கண்டு நாணிய மாணவன், அவள் முதலில் சொன்ன விலையையே கொடுத்தான்.

பண்டத்தின் விலையைப் பேசுவோர், அதன் பின்நின்ற உழைப்பையும் எண்ணுதல் வேண்டும்.